கோச்சம்மா உங்களுக்கு என்ன வேணும்?

"அவ உனக்கு என்ன வேணும்?" என்று மாமியார் கேட்டாள்.

சத்தம் போட்டுக் கேட்கவில்லை. மேசையில் சிந்தியிருந்த தேநீரைத் துணியால் துடைத்துக்கொண்டே, பால் வாங்கியாயிற்றா என்று விசாரிக்கிற குரலில் கேட்டாள். அந்த வீட்டில் பெரிய விஷயங்களெல்லாம் அப்படித்தான் பேசப்படும். மகன் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு, கையில் பிடித்த கரண்டியோடு நின்றாள்.

மருமகள் கேட்டதில் சுற்றிவளைப்பு எதுவும் இல்லை. கல்லூரியில் தனக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்த பயிற்சியாளர் நேற்று மாலை மைதானத்திலேயே சுருண்டு விழுந்துவிட்டார். மூளைக்குள் ரத்தக் கசிவு. ஆபரேஷன் செய்தால் பிழைக்க வாய்ப்பு உண்டு. ஆனால் ஒரு பக்கம் கைகால் விளங்காமல் போகலாம். சில மாதம் கூடவே இருந்து பார்க்க ஆள் வேண்டும். தனிக்கட்டை. முன்னறையில் ஒரு கட்டில் போட இடம் இருக்கிறதே, கொஞ்ச நாள் இங்கே வைத்துப் பார்த்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். அவ்வளவுதான்.

"சொல்லேன். பெத்தவளா, கூடப் பொறந்தவளா, சித்தியா, அத்தையா?"

"கோச்சம்மா" என்றாள் மருமகள். கோச்சோடு அம்மாவைச் சேர்த்து அணியே கூப்பிட்ட பெயர். அவளிடம் வேறு சொல் இல்லை.

"பந்து போடச் சொல்லிக்குடுத்தவளுக்குக் கட்டில் போட்டா, நாளைக்குத் தையல் சொல்லிக்குடுத்தவளும் பெட்டியோட வந்து நிப்பா." மாமியார் துணியைப் பிழிந்து கொடியில் போட்டாள். "உன் நாத்தனாருக்குக் குடல்வால் ஆபரேஷன் ஆனப்ப ஒரு நாள் லீவு போட்டியா நீ?"

"அன்னிக்கு லேப்ல ஆள் இல்ல அத்தை."

"இன்னிக்கு எங்கிருந்து ஆள் வந்துச்சு?"

மாமியார் கெட்டவள் இல்லை. அதுதான் சிக்கல். கெட்டவளாக இருந்தால் சண்டை போட்டுவிடலாம். மாமனார் படுத்த படுக்கையாகக் கிடந்த காலத்தில் அவரைப் புரட்டி, துடைத்து, ஊட்டி, முதுகுப் புண்ணுக்கு மருந்து போட்டுத் தன் இடுப்பைத் தொலைத்தவள் அவள். மாமனாரின் சொந்தம் என்று சொல்லிக்கொண்ட கூட்டம் அப்போது பழம் வாங்கிக்கொண்டு வந்து, பாதியைத் தாங்களே தின்றுவிட்டுப் போனது. ஒரு ஆளைப் புரட்டிப் போடுவது என்றால் என்ன என்று அந்த வீட்டில் அவளுக்குத்தான் தெரியும். தெரிந்ததால்தான் பயந்தாள்.

மகன் கையைக் கழுவிவிட்டு வந்து, "சாயங்காலம் பேசிக்கலாம்" என்றான். நல்லவன். கண்ணாடிக் கடை வைத்திருந்தான். வருகிறவர்களின் பார்வையை நாள் முழுக்கச் சரிபார்த்து அனுப்புகிறவன், வீட்டில் மட்டும் எதையும் நேராகப் பார்க்கமாட்டான். அவனுடைய சாயங்காலங்கள் எப்படிப்பட்டவை என்று மனைவிக்குத் தெரியும். வரும், விளக்குப் போடுவார்கள், சாப்பிடுவார்கள், பேச வேண்டியது மட்டும் அப்படியே கிடக்கும்.

அவள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.

கல்லூரியில் அவளுக்கு எறும்பு என்று பெயர். வைத்தது கோச்சம்மாதான். அணியிலேயே குள்ளம் அவள். முதல் நாள் மைதானத்தின் ஓரத்தில் பயந்துபோய் நின்றவளைத் தலைமுதல் கால்வரை பார்த்துவிட்டு, "எறும்பு தன்னைவிடப் பெருசைத் தூக்கும், தெரியுமில்ல? வா உள்ள" என்று இழுத்துவிட்டார். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. அவளை அவளாக அறிந்தவர்களுக்கு அவள் எறும்புதான்.

அவள் வேலை பார்த்த மருத்துவமனைக்குத்தான் கோச்சம்மாவைக் கொண்டுவந்திருந்தார்கள். நேற்று மாலை பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கக் கூப்பிட்டார்கள் என்று தட்டும் ஊசியுமாகப் போனவள், கட்டிலில் கிடந்த கையைப் பிடித்த பிறகுதான் முகத்தைப் பார்த்தாள். ஊசி குத்தி ரத்தம் எடுத்து, குழாயில் பெயரும் எழுதி ஒட்டினாள். குத்தி முடித்து வெளியே வந்துதான் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குள் அவசரப் பிரிவு மேசையில் இருந்தவர் கேட்க ஆரம்பித்துவிட்டார். வழுக்கைத் தலை, மூக்கு நுனியில் கண்ணாடி, யாரையும் திட்டாத மனிதர். நோயாளிக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். தானே பொறுப்பு என்றாள் எறும்பு.

"உறவுமுறை?"

"மாணவி."

"அது உறவு இல்லையேம்மா. ரத்த சொந்தம்னு யாருமே இல்லையா?"

எறும்பு ஒரு கணம் யோசித்தாள். பந்து கடைசியாகத் தன் கையில் பட்டு வெளியே போனால், நடுவர் பார்க்காவிட்டாலும் கையைத் தூக்கிச் சொல்லிவிட வேண்டும் என்று சொல்லிக்கொடுக்கப்பட்டவள். ஒரு இறுதிப் போட்டியே அப்படிக் கை தூக்கித் தோற்றிருக்கிறார்கள். "ஒரு அண்ணன் இருக்கார்" என்று சொன்னாள்.

"அப்புறமென்ன? அவரை வரச் சொல்லுங்க" என்று அவர் நிம்மதியாக எழுதிக்கொண்டார்.

இப்போது காலையில் வந்து பார்த்தால் தீவிரச் சிகிச்சைப் பிரிவின் வெளித் தாழ்வாரம் முழுக்கப் பெண்கள். சேதி எப்படித்தான் பரவியதோ! ஒருத்தி கைக்குழந்தையோடு வந்திருந்தாள். ஒருத்திக்குத் தலை நரைத்துவிட்டது. வெவ்வேறு வருடங்களில் விளையாடியவர்கள், ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராதவர்கள், ஆனால் நிற்கிற தினுசிலேயே தெரிந்தது. கால்களை அகட்டி, முழங்காலை லேசாகத் தளர்த்தி. அதைக் கோச்சம்மா "உட்காராம உட்காரு" என்பார். தடுப்பாட்டத்துக்கு அதுதான் அரிச்சுவடி. அந்தத் தாழ்வாரத்தில் நாற்காலி காலியாக இருந்தும் பாதிப் பேர் அப்படித்தான் நின்றார்கள்.

பழைய அணித்தலைவி இடி சீருடையிலேயே வந்திருந்தாள். குரலுக்காக வந்த பெயர். இப்போது அவள் காவல்துறை ஆய்வாளர். பக்கத்தில் நெட்டை. பேருந்து ஓட்டுகிறாள், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, பேச்சும் குறைவு. எறும்பைக் கண்டதும் இடி தனியாகத் தள்ளிக்கொண்டு போனாள். நெட்டையும் கூட வந்தாள்.

"அண்ணன் இருக்கார்னு ஏண்டி சொன்ன? யாரும் இல்லன்னு சொல்லியிருந்தா டாக்டருங்களே முடிவெடுத்து இந்நேரம் உள்ள கொண்டு போயிருப்பாங்க."

"இருக்காரே" என்றாள் எறும்பு.

"சரி, நான் போய் மகள்னு சொல்லிடுறேன். சட்டையப் பாத்துட்டு ஒருத்தன் கேள்வி கேக்க மாட்டான்."

"சொல்லு" என்றாள் நெட்டை. "கல்யாணம் ஆகாதவங்களுக்கு மக எங்கிருந்து வந்தான்னு அடுத்த கேள்வி வரும். அதுக்கும் பதில் வச்சுக்கோ."

அது உண்மை. எந்தப் பெண்ணின் நடத்தையைப் பற்றி ஊர் ஒரு குண்டூசி அளவு குறைகூடக் கண்டுபிடிக்க முடியாமல் தோற்றதோ, அந்தப் பெண்ணைக் காப்பாற்ற மகள் என்று ஒருத்தி கிளம்பினால், காப்பாற்றின கையோடு பெயரையும் கெடுத்த மாதிரி ஆகும். திருடர்களை மிரட்டுகிற பெண்ணுக்கு இந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போக வழி தெரியவில்லை.

ஊர் சும்மா இருந்ததா என்ன? பெண் பிள்ளைகளை அரைக்கால் சட்டையோடு ஓடவிடுகிறாள், வெளியூர் கூட்டிப்போகிறாள், அடங்காப்பிடாரிகளாக்கி அனுப்புகிறாள் என்று பேசாத வாய் இல்லை. கோச்சம்மா பேச்சுக்குப் பேச்சு போக மாட்டார். ஒரு பெண்ணிடம் ஓட்டத்தைக் கண்டுவிட்டால் நேரே அவள் வீட்டுக்குப் போவார். அப்பன் வரும்வரை கூடத்தில் உட்கார்ந்திருப்பார். அப்பன் மாட்டேன் என்றால் மறுநாளும் போய் உட்காருவார். "இருட்டுறதுக்குள்ள நானே கொண்டு வந்து விடுறேன். ஒரு நாள் தவறினா மறுநாள் அனுப்பாதீங்க" என்பார். சொன்னபடி கொண்டுவந்தும் விடுவார். பயிற்சி முடிந்ததும் வியர்வையோடு ஒரு ஊர்வலம் கிளம்பும். ஒவ்வொரு தெருவிலும் ஒருத்தியை இறக்கிவிட்டு, கடைசிப் பெண்ணின் வீட்டுக் கதவு சாத்துகிற சத்தம் கேட்ட பிறகு, தான் மட்டும் தனியாகத் தன் வாடகை அறைக்குத் திரும்புவார். அவரைக் கொண்டுபோய் விட யாரும் இல்லை என்பது அன்றைக்கு அந்தப் பெண்கள் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

எறும்பின் அப்பாவை மசிய வைக்க ஏறக்குறைய ஒரு வாரம் பிடித்தது. கடைசியில் அவர் அலுத்துப்போய், இந்த அம்மாவுக்குத் தினமும் தேநீர் போட்டு மாளாது, அனுப்பித் தொலையுங்கள் என்றார். அப்படித்தான் அவள் ஆட வந்தாள், அப்படித்தான் படித்தாள், அப்படித்தான் சொந்தக் காலில் நின்றாள். அந்தத் தாழ்வாரத்தில் இருந்த ஒவ்வொருத்திக்கும் இப்படி ஒரு கதை இருந்தது. ஒருத்தி வீட்டில் மாப்பிள்ளை பார்த்துவிட்டார்கள் என்று தேர்வுக்கு முன் படிப்பை நிறுத்தியபோது, கோச்சம்மா மாப்பிள்ளை வீட்டுக்கே போய்ப் பேசித் தேதியைத் தள்ளிவைத்துவிட்டு வந்தாராம். சொல்லிவிட்டு அவள் சிரித்தாள். கேட்டவர்களும் சிரித்தார்கள். தீவிரச் சிகிச்சைக் கதவு திறந்ததும் எல்லோரும் ஒன்றாக நிறுத்திக்கொண்டார்கள்.

வெளியே வந்தவர் மருத்துவர். ஆபரேஷனுக்கு ரத்தம் தயாராக இருக்க வேண்டும், கொடுக்க ஆள் உண்டா என்று கேட்டார். கேட்ட மாத்திரத்தில் தாழ்வாரமே எழுந்து ரத்த வங்கிக்குப் போனது. வயது அதிகம் என்று திருப்பி அனுப்பப்பட்ட ஒருத்தி அழுதுவிட்டாள். ரத்தம் எடுத்துக்கொள்ளும்போது யாரும் உறவுமுறை கேட்கவில்லை.

மதியத்துக்கு முன் அண்ணன் வந்தார். வயதானவர், மடிப்புக் கலையாத சட்டை, உடன் அவர் மனைவியும் மகனும். தங்கை கட்டிலில் கிடந்த கோலத்தைக் கண்ணாடி வழியாகப் பார்த்து அவர் அழுதார். நடிப்பு இல்லை. எறும்பு பக்கத்தில் இருந்து பார்த்தாள். அந்த உதடு உண்மையாகவே துடித்தது. ஆனால் இதே அண்ணன்தான், நிச்சயித்த மாப்பிள்ளை வீட்டார் ஆட்டத்தை விட்டுவிட வேண்டும் என்று சொன்னதற்குத் தங்கை முடியாது என்றபோது, இனி என் வாசப்படி ஏறாதே என்றவர். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். தங்கை பெயர் செய்தித்தாளில் வந்த நாட்களிலும், கோப்பையோடு கல்லூரிப் பேருந்து அவர் வீட்டுத் தெரு வழியாகவே போன நாளிலும், அந்த வீட்டு ஜன்னல் திறக்கவில்லை. தங்கையை அவர் தலை முழுகிவிட்டார். இருந்தாலும் மேசைக்காரர் அவரைக் கண்டதும் எழுந்து நின்றார். அவர்தான் சொந்தம்.

மருத்துவர் எல்லாவற்றையும் நிதானமாக விளக்கினார். இன்றே செய்தால் நல்லது. உயிர் பிழைக்க வாய்ப்பு பாதிக்கு மேல். வலது கைகால் திரும்பாமல் போகலாம், பேச்சும் போகலாம். அண்ணன் கேட்டுக்கொண்டு, மனைவியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பிறகு, வேண்டாம் டாக்டர், இந்த வயதில் மண்டையைத் திறக்க வேண்டாம், நாங்கள் வீட்டுக்குக் கொண்டு போகிறோம் என்றார்.

இடி முன்னால் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டு, கையைக் கட்டிக்கொண்டு பேசினாள். அவளை அப்படி யாரும் பார்த்ததில்லை.

"ஐயா, நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க. மத்தது எல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

"நீங்கன்னா யாரும்மா?"

"அவங்ககிட்ட விளையாடினவங்க."

அண்ணன் தாழ்வாரத்தை ஒருமுறை பார்த்தார். ஏளனமாகப் பார்க்கவில்லை, பரிதாபமாகத்தான் பார்த்தார். "கட்டின புருஷன் இல்ல, பெத்த பிள்ளை இல்ல. ஒரு பக்கம் விழுந்தவளை யார் புரட்டுறது, யார் கழுவிவிடுறது? எங்க வீட்ல இவளுக்கே முட்டி வலி."

"நாங்க முறை போட்டுப் பாத்துக்கறோம் ஐயா."

"எந்த வீட்ல வச்சு?"

இடி திரும்பி மற்றவர்களைப் பார்த்தாள்.

"நீங்கல்லாம் வாழப்போன பொண்ணுங்க. இன்னிக்கு ஒரு வேகத்துல சொல்றீங்க. உங்க வீட்ல கேட்டீங்களா?"

எறும்பு காலையில்தான் கேட்டிருந்தாள். பதிலும் கிடைத்திருந்தது. அவள் தலையைத் திருப்பிப் பார்த்தபோது, அந்தத் தாழ்வாரத்தில் அவளைப் போலவே காலையில் வீட்டில் கேட்டுவிட்டு வந்தவர்கள் யார் யார் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்தது. எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நெட்டை மட்டும், தன் அறை இருக்கிறது, தன்னைக் கேட்க யாரும் இல்லை, தான் கொண்டுபோகிறேன் என்றாள். வீட்டுக்காரர் ஒற்றைப் பெண்ணுக்கு என்று கொடுத்த மாடியறை அது. குறுகலான படி, ஒருவர் ஏறினால் இறங்குகிறவர் ஒதுங்க வேண்டும். பகல் முழுக்கப் பேருந்து ஓட்டுகிறவள் நோயாளியை எப்போது பார்ப்பாள் என்று அண்ணனின் மகன் கேட்டான். நியாயமான கேள்வி. அன்றைக்கு அவர்கள் கேட்டதெல்லாம் நியாயமான கேள்விகள்தான்.

மருத்துவர் இன்னொரு முறை சொல்லிப் பார்த்தார். அண்ணன் மறுத்து எழுதிக் கையெழுத்துப் போட்டார். எறும்பு பரிசோதனைக் கூடத்துக்குத் திரும்பி, வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டு, வரிசையில் காத்திருந்தவர்களுக்கு ரத்தம் எடுத்தாள். அன்று கோச்சம்மாவுக்காகக் கொடுக்கப்பட்ட ரத்தம் பிறகு யார் யாருக்கோ ஏறியது.

மாலையில் ஆம்புலன்ஸிலிருந்து கோச்சம்மாவை, ஏறக்கூடாது என்று சொல்லப்பட்ட அதே வாசப்படி வழியாக, நான்கு பேர் தூக்கி உள்ளே கொண்டுபோனார்கள்.

எறும்பு வீட்டுக்கு வந்ததும் கணவன், என்ன ஆச்சு என்று கேட்டான். அவர் அண்ணன் கொண்டுபோய்விட்டார் என்றாள். அவன் முகத்தில் ஒரு நிம்மதி வந்து, வந்ததற்காகவே வெட்கப்பட்டு மறைந்தது. மாமியார் சாப்பாடு போட்டு வைத்திருந்தாள். மருமகளுக்குப் பிடித்ததாக. "ஆயிரம் இருந்தாலும் அண்ணன் அண்ணன்தான்" என்றாள். எறும்பு சாப்பிட்டாள். பசித்தது.

அண்ணன் வீட்டில் பார்க்க விட்டார்கள். கூட்டமாக வரக் கூடாது, ஞாயிற்றுக்கிழமை பகலில் ஒவ்வொருவராக வரலாம், அதிக நேரம் இருக்கக் கூடாது. எறும்பு போன அன்று அண்ணி கதவைத் திறந்து, செருப்பை எங்கே விட வேண்டும் என்று காட்டினாள். கடைசி அறை. இஸ்திரி போட வேண்டிய துணிகள் ஒரு மூலையில் குவிந்திருந்தன. உடைந்த மின்விசிறி ஒன்று இன்னொரு மூலையில். அந்த வீட்டில் எதையும் குறை சொல்ல முடியாது. விரிப்பு சுத்தமாக இருந்தது. மருந்து வேளைக்கு உள்ளே போனது. ஜன்னல்தான் சாத்தியிருந்தது, தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்களாம்.

"யாரையும் தெரியல அவளுக்கு" என்று அண்ணி முன்னெச்சரிக்கையாகச் சொன்னாள். "சும்மா முழிச்சுப் பாத்துக்கிட்டே கிடக்கா."

எறும்பு கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். என்ன பேசுவது என்று தெரியாமல், பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி ஒரு காலின் மேல் இன்னொரு காலைப் பின்னிக்கொண்டு நின்றாள். கோச்சம்மாவின் கண்கள் அவள் முகத்துக்கு வரவில்லை. மெல்ல, மிக மெல்லக் கீழே இறங்கி, அவள் பாதங்களில் போய் நின்றன. அங்கேயே இருந்தன.

முகம் ஏமாற்றும், தோள் ஏமாற்றும், கால் ஏமாற்றாது. ஆளை அளக்கணும்னா காலைப் பாரு என்று சொல்லிக்கொடுத்தவர் அவர். எறும்பு பின்னியிருந்த காலைப் பிரித்தாள். தோளகலத்துக்கு அகட்டி ஊன்றினாள். முழங்காலைத் தளர்த்தினாள். கோச்சம்மா பார்த்தார். பிறகு கண்ணை மூடிக்கொண்டார், திருப்தியோடு மூடுகிற மாதிரி.

"பாத்தியா, தூங்கிட்டா" என்றாள் அண்ணி. "ஒண்ணும் தெரியலம்மா அவளுக்கு."

தெரிகிறது என்று அந்த வீட்டில் யாரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? வாசலுக்கு வந்து செருப்பை மாட்டியபோதுதான் அழுகை வந்தது. தெருமுனைவரை அழுதுகொண்டே நடந்தாள்.

அடுத்த ஞாயிறு வருவதற்குள் கோச்சம்மா போய்விட்டார்.

இறுதி ஊர்வலத்தன்று அண்ணன் வீட்டு முன் கூடம் உறவினர்களால் நிரம்பியிருந்தது. அவர்களில் பாதிப் பேருக்குக் கோச்சம்மா எப்படி இருப்பார் என்பது அன்றைக்குத்தான் தெரியும். அவரிடம் விளையாடிய பெண்களெல்லாம் எதிர்ச்சாரியில் நடைபாதையில் நின்றார்கள். சொந்தக்காரர்கள் முதலில் பார்க்கட்டும் என்று அண்ணனின் மகன் வந்து பணிவாகக் கேட்டுக்கொண்டான். அவர்கள் பார்த்து முடித்தபோது வண்டி வந்துவிட்டது. வண்டியில் ஏற வேண்டியவர்களின் பெயரை ஒருவர் சத்தமாகக் கூப்பிட்டார்: அண்ணன், அண்ணன் மகன், சித்தப்பா மகன், அண்ணியின் தம்பி. வேறு யாரும் வர வேண்டியதில்லை என்றார். வண்டி நகர்ந்ததும் இடி பின்னால் நடக்க ஆரம்பித்தாள். அவள் பின்னால் நெட்டை. பிறகு எல்லோரும். வண்டி வேகமெடுத்துத் திருப்பத்தில் மறைந்த பிறகும் கொஞ்ச தூரம் நடந்தார்கள். அப்புறம் எங்கே போவது என்று தெரியாமல் நடுத்தெருவில் நின்றார்கள். பின்னால் வந்த வண்டிகள் ஒலி எழுப்பின. ஒதுங்கி வழிவிட்டார்கள்.

கல்லூரியில் நினைவுக் கூட்டம் நடந்தது. மேடையில் அண்ணனுக்கு நடு நாற்காலி. நிர்வாகச் செயலாளர் நன்றாகவே பேசினார். கல்லூரிக்குக் கோச்சம்மா வாங்கிக்கொடுத்த கோப்பைகளையும், பணி ஓய்வுக்குப் பிறகும் சம்பளமில்லாமல் நாள்தோறும் மைதானத்துக்கு வந்ததையும் சொன்னார். குரல் தழுதழுக்க, "தனக்கென்று ஒருவரும் இல்லாமல் வாழ்ந்து மறைந்த உத்தமி" என்று முடித்தார். எதிரே நாற்காலி வரிசைகளில் கோச்சம்மாவை நம்பி வளர்ந்த அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களும் கைதட்டினார்கள், அந்த இடத்தில் கைதட்டுவதுதான் மரியாதை. நினைவுப் பரிசை அண்ணன் வாங்கிக்கொண்டார். குடும்பத்தின் சார்பில் இரண்டு வார்த்தை சொன்னார். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு விளையாட்டில் ஆர்வம், நாங்கள் தடை சொன்னதே இல்லை என்றார்.

எறும்பு பக்கத்து நாற்காலியைப் பார்த்தாள். நெட்டை மேடையைப் பார்க்காமல் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்து வெளியே வரும்போது நெட்டை கேட்டாள். "எனக்கும் ஒரு தம்பி இருக்கான். பேசி ரொம்ப நாளாச்சு. நாளைக்கு ஸ்டியரிங்ல நான் சாஞ்சா, அவன்தானே வந்து முடிவு பண்ணுவான்?"

எறும்பு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். ஆறுதலாக ஏதாவது சொல்லத் தேடினாள். பொய்யாகக்கூட ஒன்றும் அகப்படவில்லை. பேருந்து நிறுத்தம்வரை பிடித்த கையை விடாமல் நடந்தாள்.

அதற்கப்புறம் வாழ்க்கை தன் பாட்டுக்குப் போனது. வேலை, வீடு, மாமியாரின் இடுப்பு வலிக்கு ஒத்தடம். மாமியார் ஒருநாள் குப்புறப் படுத்துக்கொண்டே, அந்தக் கோச்சம்மா எத்தனை வருஷம் தனியாக இருந்தாள் என்று கேட்டாள். எறும்பு சொன்னாள். மாமியார் தலையணையில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிறகு, "முன்னறை காலியாத்தான் கிடக்கு" என்றாள். மருமகளிடம் சொன்னாளா, தனக்குத்தானே சொன்னாளா, தெரியவில்லை. எறும்பு ஒத்தடத் துணியை வெந்நீரில் நனைத்துப் பிழிந்தாள். இப்போது அந்த அறையில் படுக்க யாரும் இல்லை.

மழைக்காலத்தில் ஒருநாள் காலை, அவசரப் பிரிவில் ரத்தம் எடுக்கத் தட்டோடு போய்க்கொண்டிருந்தாள் எறும்பு. மேசை முன்னால் ஒரு வயதான பெண் நனைந்த குடையோடு நின்றிருந்தாள். பக்கத்தில் தள்ளுவண்டியில் அதே வயதில் இன்னொரு பெண், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, கண் மூடிக் கிடந்தாள். இருவரும் ஓய்வுபெற்ற தொலைபேசி நிலையப் பணியாளர்கள் என்று பிறகு தெரிந்தது; ஒரே வீட்டில் வெகுகாலமாகச் சேர்ந்து இருந்தவர்கள். அப்போது எறும்புக்கு அதெல்லாம் தெரியாது. அவள் கேட்டது மேசைக்காரரின் குரலை மட்டும்தான்.

"இவங்க உங்களுக்கு என்ன வேணும்மா?"

குடையோடு நின்றவள் தடுமாறினாள். "நாங்க ஒண்ணாதான் இருக்கோம். அவளுக்கு நான்தான்..." என்று ஆரம்பித்து நிறுத்தினாள்.

"அதில்லம்மா. உறவுமுறை. ரத்த சொந்தம் யாராவது இருந்தா..."

எறும்பு நின்றாள். கையில் இருந்த தட்டில் கண்ணாடிக் குழாய்கள் ஒன்றோடொன்று உரசின.

"அக்கா தங்கச்சிங்க சார்" என்றாள். "எனக்குத் தெரிஞ்சவங்க."

மேசைக்காரர் நிமிர்ந்தார். குடையோடு நின்றவள் கறுப்பு, ஒல்லி. தள்ளுவண்டியில் கிடந்தவள் சிவப்பு, அகலமான முகம். ஒரு ஜாடையும் ஒட்டவில்லை. அவர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எறும்பைப் பார்த்தார். எறும்பும் கண்ணை எடுக்காமல் அவரைப் பார்த்தாள். அவர் குனிந்து 'சகோதரி' என்று எழுதினார். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டினார். தள்ளுவண்டி உள்ளே போனது.

வயதான பெண் கையெழுத்துப் போட்டுவிட்டு, பேனாவைத் திருப்பிக் கொடுக்க மறந்து, எறும்பின் பின்னாலேயே கதவுவரை வந்தாள். நன்றி சொல்ல வாயெடுத்தாள், வரவில்லை.

எறும்பு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவள் காதருகே போய்ச் சொன்னாள்:

"உள்ள டாக்டர் அப்பா பேரு கேட்டா, ரெண்டு பேருக்கும் ஒரே பேரச் சொல்லுங்க."